அசையாத இடது கை

திருகோணமலையில் மேடைப் படம் என்றால் சசிகரன் என்று ஒரு பேச்சு இருந்தது. அவன் தானாகச் சூட்டிக்கொண்ட பெயர் இல்லை. ஆனால் ஊர் சூட்டியதை வேண்டாம் என்று தள்ளுகிற ஆளும் இல்லை. கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, பாடசாலைப் பரிசளிப்பு எல்லாம் எடுப்பான், அதெல்லாம் சோற்றுக்கு. மேடைதான் அவனுக்கு உயிர்.

எங்கள் ஊர் மேடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயில் வீதி என்றால் தகரக் கொட்டகை, நாலு மஞ்சள் லைற். மண்டபம் என்றால் பின்திரையில் ஊதாவும் சிவப்பும் மாறி மாறி மினுங்கும், ஆடுகிற பிள்ளையின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சமும் இராது. அந்த இருட்டில் ஓர் ஆட்டத்தைத் துல்லியமாக எடுப்பது லேசுப்பட்ட காரியமா? ஷட்டரை மெல்லத் திறந்து மூடினால் வெளிச்சம் வரும், கை கால் எல்லாம் கலங்கிப் போகும். டக்கென்று மூடினால் கை நிற்கும், படம் கறுத்துவிடும். கறுப்பை இழுத்து வெளிச்சமாக்கினால் முகமெல்லாம் மணல் தூவினாற்போல் புள்ளி. பிளாஷ் அடிக்கலாமே என்பீர்கள். ஆடுகிறவளின் கண்ணில் பிளாஷ் அடிக்கிறவனைச் சசிகரன் மனிதரிலேயே சேர்ப்பதில்லை.

அவனுடைய வித்தை கமராவில் இல்லை, காதில் இருந்தது. பரதநாட்டியத்தில் தீர்மானம் என்கிற ஜதி ஓடி முடிந்து, மிருதங்கம் ‘தொம்’ என்று விழுகிற இடத்தில் ஆடுகிறவள் சிலையாக நிற்பாள். அரை மூச்சு நேரம்கூட இராது. அந்த அரை மூச்சு எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியும். அதற்குள் எடுத்துவிட்டால் இருட்டாவது ஒன்றாவது, ஒரு நொடியை நூற்றிருபத்தைந்தாகப் பிரித்து அதில் ஒரு பங்கு ஷட்டர் திறந்திருந்தால் போதும், மூக்குத்திக் கல்லைக்கூட எண்ணலாம்.

எப்படித் தெரியும்? எல்லாம் தங்கச்சியால்தான். பிரியதர்சினி அவனுக்கு ஒன்பது வயது இளையவள், ஆறு வயதில் சலங்கை கட்டியவள். அவள் முன் அறையில் பழகப் பழக, பக்கத்தில் புத்தகத்தோடு இருந்த சசிகரனுக்குப் பாடம் ஏறவில்லை, ஜதி ஏறிவிட்டது. அவன் பரீட்சையைக் கோட்டை விட்டதற்கு அம்மா கமலாதேவி தங்கச்சியைத்தான் ஏசினாள். அவள் அதற்கும் சிரித்தாள்.

பிறகு அவள் பாடசாலை ஒன்றில் நடன ஆசிரியை ஆனாள், அவன் உட்துறைமுக வீதியில் ஸ்ரூடியோ திறந்தான். இருவருக்கும் இடையில் ஓர் உடன்பாடு இருந்தது.

“அண்ணா, தீர்மானம் முடியிற இடத்தில உங்களுக்காக ஒரு சொட்டுக் கூட நிண்டு தாறன். அதுக்குள்ள எடுத்துப் போடுங்கோ.”

“நீ நிண்டாச் சரி, மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அவளுக்குக் கற்பித்த ஆசிரியை அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் பத்து வருடம். அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அடுத்த ஞாயிறு காலையில் அவள் ஸ்ரூடியோவுக்கு வருவாள். தேத்தண்ணி, சூடான உழுந்து வடை, கொம்பியூட்டருக்கு முன்னால் இரண்டு கதிரை. படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துப் பார்த்து, முழங்கை சரிந்தது, கழுத்து கோணியது என்று தன்னைத்தானே பிடித்து உலுக்குவாள். அடுத்த முறை அந்தப் பிழை இராது. தொலைபேசியில் ஆட்கள் எடுத்து அனுப்புகிற வீடியோவைத் திறந்தும் பார்க்க மாட்டாள். “எடுக்கிற ஆளின்ர கையே ஆடுது. அதில நான் என்னத்தைப் பாக்க?” என்பாள். அண்ணனின் படம் பொய் சொல்லாது என்பது அவளுடைய வேதவாக்கு.

சசிகரனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எங்கள் பக்கத்துப் படப்பிடிப்பாளர் எல்லாருக்கும் இருப்பதுதான். கலங்கின படம் மற்றவர் கண்ணில் படக் கூடாது. அவள் வருவதற்கு முன்பே சனிக்கிழமை உட்கார்ந்து கலங்கியதை எல்லாம் வேறு கோப்பில் தள்ளிவிடுவான். நல்ல சமையல்காரி கருகின தோசையைப் பந்தியில் வைப்பாளா? அதுபோலத்தான். அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, தொழில் மானம்தான் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தைய நவராத்திரியில் முதல் முறையாக அது வந்தது. கோயில் மண்டபத்தில் பிரியதர்சினி ஆடினாள். நடராசர் நிலையில், ஒரு காலைத் தூக்கி, இடது கையை யானைத் தும்பிக்கைபோல் குறுக்கே நீட்டி நின்றாள். மிருதங்கம் விழுந்தது, அவனும் அமுக்கினான். சனிக்கிழமை திறந்து பார்த்தால் முகம் துல்லியம், வலது கை துல்லியம், சலங்கையின் மணி மணியாகத் துல்லியம். இடது கை விரல்கள் மட்டும் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

“சீ, நான் எங்கயோ பிழை விட்டிட்டன்” என்று தன்னையே ஏசிக்கொண்டான். அடுத்த நிகழ்ச்சியிலும் அதே கதை. அடுத்ததிலும். லென்ஸில் ஓரமாக ஏதோ பழுது என்று முடிவுகட்டிக் கொழும்புக்கு அனுப்பினான். இரண்டு கிழமையால் திரும்பி வந்தது, ஒரு குறையும் இல்லை என்ற துண்டோடு. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானும் அப்படித்தான் கமராவைக் குற்றம் சொல்லிக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்தான்.

கண் முன்னால் கிடந்ததை அவன் நினைக்கவே இல்லை. ஏன் நினைக்க வேண்டும்? இருபத்து நாலு வயதுப் பிள்ளை, பதினெட்டு வருடமாக ஆடுகிறவள், கல்லுப்போல நிற்பவள். அவள் கை அசையும் என்று அவனுக்குத் தோன்றுமா? தன் கை அசைந்தது என்றுதான் தோன்றியது. ஆகவே அவன் திறமையைக் கூட்டினான். நூற்றிருபத்தைந்தில் எடுத்ததை இருநூற்றைம்பதில் எடுத்தான். அதிலும் விரல் கலங்கியபோது ஐந்நூறுக்குப் போனான். அகலமாகத் திறக்கிற வேறு லென்ஸ் வாங்கினான். புள்ளி விழுந்தால் துடைக்க மென்பொருள் பழகினான். ஒரு நிலைக்கு ஒரு படம் எடுத்தவன் ஒன்பது எடுத்தான், அதில் இரண்டு தேறும். தேறிய இரண்டைத்தான் தங்கச்சி பார்த்தாள். ஊரும் பார்த்தது. “சசியின்ர படம் இப்ப முந்தியைவிட வெட்டினாப்போலக் கிடக்கு” என்று ஊர் மெச்சியது. அவனுக்கும் தலை கொஞ்சம் கனத்தது.

ஒரு வருடம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

“அண்ணா, இடது கை ஒரு மாதிரிக் கிடக்கு. நீட்டிப் பிடிக்கேக்க உள்ளுக்கை என்னமோ துடிக்கிற மாதிரி. பாக்கிற ஆக்களுக்குத் தெரியுமோ?”

“இந்தா கிடக்கு படம். நீயே பார்.”

அவள் கிட்ட வந்து, இடது கையை நகம் வரைக்கும் பெருப்பித்துப் பார்த்தாள். நகப்பூச்சின் ஓரம்கூடத் தெளிவாக இருந்தது. நெடுநேரம் பார்த்தாள்.

“ஓம், நல்லாத்தானே நிக்குது. அப்ப எனக்குத்தான் மனப்பிராந்தி.”

“தேத்தண்ணி குடியாமல் ஆடப் போனா அப்பிடித்தான்” என்றான் அவன். அவள் சிரித்துவிட்டு வடையைத் தின்றாள். முந்தைய நாள் அதே நிலையில் ஏழு படத்தை வேறு கோப்பில் தள்ளியது அவனுக்கு நினைவில் இருந்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான். அந்த ஏழில் ஒன்றை, ஒரேயொன்றை, அவள் கண்ணில் காட்டியிருந்தால்!

உண்மையைச் சொன்னவன் பஸ்லான். கிண்ணியாக்காரன், மேடைக்கு லைற்றும் ஒலிபெருக்கியும் போடுகிறவன், சசிகரனோடு பதினைந்து வருடச் சிநேகிதம். படம் எடுக்கிறவன் ஆளைப் பார்ப்பான், லைற் போடுகிறவன் நிழலைப் பார்ப்பான். நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் அவன் லைற்றைத் திருப்ப வேண்டும். பின்னால் வந்த ஒரு கொழும்பு விழாவுக்கு எட்டு மாதம் முன்பு, பகல் ஒத்திகை ஒன்றில், பிரியதர்சினியும் வேறு நாலு ஆசிரியைகளும் வரிசையில் நின்று ஆடினார்கள். பஸ்லான் ஏணியில் இருந்து இறங்கி வந்து சசிகரனின் காதோடு கதைத்தான்.

“மச்சான், கோவிக்காத. தங்கச்சிட நிழலப் பாரு.”

“என்ன நிழல்?”

“பின்திரையில இடது கைட நிழல் ஆடுது. மத்தப் பிள்ளையள்ட நிழல் நிக்குது, அவட மட்டும் ஆடுது. போன தரமும் கண்டனான். டொக்டரிட்டக் காட்டச் சொல்லு.”

சசிகரனுக்கு முகத்தில் இரத்தம் ஏறியது. “உன்ர வயரைப் போய்ப் பார். போன முறை ஆட்டத்தின்ர நடுவில கரண்டைப் போக விட்டவன் நீ. என்ர தங்கச்சியின்ர கையைப் பற்றி நீ கதைக்காத.”

பஸ்லான் கையில் இருந்த வயரைச் சுற்றினான். தலையை ஆட்டிவிட்டு ஏணிக்குப் போனான். அன்றைக்குப் பிறகு இருவரும் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான் பேசினார்கள்.

ஒத்திகை முடிந்த கையோடு சசிகரன் ஸ்ரூடியோவுக்கு வந்து படங்களைத் திறந்தான். ஐந்து பேர், ஒரே வரிசை, ஒரே வெளிச்சம், ஒரே ஷட்டர். ஐந்து இடது கை. நாலு துல்லியம், ஒன்று கலங்கல். அடுத்த படம், அதுவும் அப்படியே. இருபது படம் பார்த்தான். கமராவுக்கு ஓரவஞ்சனை தெரியாது. கடைக்கு வந்த ஆள் இரண்டு முறை கூப்பிட்டது அவனுக்குக் கேட்கவில்லை.

பிறகு அவன் பழைய கோப்பைத் திறந்தான். மூன்று நவராத்திரி, இரண்டு பொங்கல் விழா, எத்தனையோ பரிசளிப்பு. தள்ளிவிட்ட படங்கள் ஒன்றுகூட அழியாமல் இருந்தன. படத்தோடு திகதியும் ஷட்டர் வேகமும் தானாகப் பதிந்திருந்தன. நூற்றிருபத்தைந்து, இருநூற்றைம்பது, ஐந்நூறு, எண்ணூறு. அவள் கை ஆட ஆட அவன் துரத்தித் துரத்தி அதை நிறுத்தியிருக்கிறான்.

அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டியவன் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், அந்தக் கிழமைதான் அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. கொழும்பில் நடக்கிற அகில இலங்கை நடன விழாவில் கிழக்கு மாகாணத்தில் இருந்து தனியாக ஆட ஒருத்தி, அது அவள். கடிதத்தை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அவள் குசினிக்குள் போய் அழுததை அவன் கண்டான். இப்போது கையைப் பற்றிச் சொன்னால் ஆஸ்பத்திரி, பரிசோதனை, விழா போய்விடும். விழா முடியட்டும், முடிந்த கையோடு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று தனக்குத்தானே சத்தியம் பண்ணினான். எட்டு மாதம்தானே என்றான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா? மறைத்தான் பாருங்கள். ஆயிரத்தில் எடுத்தான். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் எந்த நடுக்கமும் நின்றுதான் ஆகும். அவள் ஞாயிறுதோறும் வந்தாள். தேத்தண்ணியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். பேச்சு கொஞ்சம் குழறியது, சட்டென்று கோபம் வந்தது, கரும்பலகையில் எழுத்துக் கோணுகிறது என்று பிள்ளைகள் சிரித்ததாகச் சொன்னாள். அம்மா கண்ணூறு என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நெருப்பில் போட்டாள். பிரியதர்சினி படத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

“ஆடேக்க மட்டும் சரியாத்தான் நிக்கிறன் அண்ணா. அது போதும் எனக்கு.”

அவன் வாயைத் திறந்தான். “ஓம்” என்றுதான் வந்தது.

கொழும்பில் பெரிய அரங்கம், நல்ல வெளிச்சம். முன்வரிசையில் கமலாதேவி, மேடைக்குப் பக்கத்தில் சசிகரன். அவள் நன்றாக ஆடினாள், பொய் சொல்லக் கூடாது. கடைசித் தீர்மானம் ஓடியது. நடராசர் நிலைக்குக் காலைத் தூக்கினாள், கையை நீட்டினாள். அண்ணனுக்காக ஒரு சொட்டுக் கூட நிற்கப் போனாள். நீட்டிய கை படபடவென்று அடித்தது, அந்த அடி தோளுக்கு ஏறி, இடுப்புக்கு இறங்கி, நின்ற காலையும் இழுத்தது. அரங்கம் முழுக்கப் பார்த்திருக்க அவள் பக்கவாட்டில் விழுந்தாள். கமலாதேவி “ஐயோ என்ர பிள்ளை” என்று கத்தியது மேடைக்குக் கேட்டது.

சசிகரனின் விரல் பழக்கத்தில் அமுக்கியபடியே இருந்தது. பிறகு பார்த்தபோது அந்தப் படமும் கமராவில் இருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு. விழுகிறவள் விழாமல், அந்தரத்தில், விரல் நுனி வரை துல்லியமாக நிற்கிறாள். தெரியாதவன் பார்த்தால் அருமையான நிலை என்பான்.

கண்டியில் நரம்பு டொக்டர் ஒருவரிடம் போனார்கள். அமைதியான பெண்மணி, தமிழ் நன்றாகக் கதைத்தார். இரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கான் பண்ணினார்கள், கண் டொக்டர் இயந்திரத்தில் பார்த்துக் கருவிழியின் ஓரத்தைச் சுற்றி ஒரு செப்பு நிற வளையம் இருக்கிறது என்று எழுதினார். வில்சன் நோய் என்றார்கள். நாம் சாப்பிடுகிற சாப்பாட்டில் இருக்கிற சொட்டுச் செம்பை உடம்பு வெளியே தள்ள வேண்டும். இவளுடைய உடம்பு தள்ளவில்லை, வருடக்கணக்காக ஈரலிலும் மூளையிலும் சேர்த்து வைத்திருக்கிறது. தாயும் தகப்பனும் சொந்தமா என்று டொக்டர் கேட்டார். சொந்த மச்சானைத்தான் கட்டினேன் என்றாள் கமலாதேவி, குற்றம் செய்தவளைப்போல.

“இந்த நடுக்கம் எப்ப தொடங்கினது? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“கொழும்பில விழுந்த பிறகுதான் டொக்டர்” என்றாள் அம்மா.

“இல்லை, ஒரு ரெண்டு மூண்டு மாசமா எனக்கு விளங்கினது” என்றாள் பிரியதர்சினி. சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மெல்ல வந்தன. “அதுக்கு முதல் இல்லை டொக்டர். ரெண்டு வருசத்துக்கு முந்தி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அண்ணா படம் எடுக்கிறவர். படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தனாங்கள். கை அசையேல்லை.”

டொக்டர் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். அவள் அதை எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னாள்! சுவரோடு நின்ற சசிகரன் ஓரடி முன்னால் வந்தான். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று அவனுக்குப் பட்டது.

“மூண்டு வருசம், டொக்டர்.”

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மூண்டு வருசமா ஆடுது. படத்தில கிடக்கு. கலங்கினதை நான் காட்டேல்லை. முதல் என்ர பிழை எண்டு நினைச்சனான். எட்டு மாசத்துக்கு முந்தி அவளின்ர கைதான் எண்டு விளங்கினது. அப்பவும் சொல்லேல்லை.”

“என்னடா கதைக்கிறாய்?” என்றாள் கமலாதேவி. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்தாள்.

“மூண்டு வருசத்துக்கு முந்தி வந்திருந்தா?”

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். “அதை இப்ப யோசிச்சு...”

“சொல்லுங்கோ டொக்டர். என்ர கை.”

“அப்ப வந்திருந்தா மருந்தைக் குடிச்சுக்கொண்டு நீங்கள் ஆடிக்கொண்டே இருந்திருப்பீங்கள் எண்டுதான் நினைக்கிறன். எட்டு மாசத்துக்கு முந்தி எண்டாலும் இவ்வளவு இருந்திராது.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். “இனிக் கூடாமல் மருந்து பாத்துக்கொள்ளும். போனதில எவ்வளவு திரும்பி வரும் எண்டு சொல்ல ஏலாது. முதல்ல நடக்கிறதைப் பாப்பம்.”

பிரியதர்சினி மடியில் கிடந்த இடது கையை வலது கையால் பொத்திப் பிடித்தாள். அழவில்லை. கமலாதேவிதான் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கண்டியில் இருந்து ஒரு வாடகை வானில் திருகோணமலைக்குத் திரும்பினார்கள். தம்பலகாமம் தாண்டும்போது அம்மா பின்னால் திரும்பி, “நீ ஏன்டா என்ர வயித்தில பிறந்தனீ?” என்று மட்டும் கேட்டாள்.

உடன்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் இருக்கலாம், பார்க்க வேண்டும் என்று அவனையும் பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை. அந்த நல்ல செய்தியை அவன் வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, துண்டை அலுமாரிக்குள் வைத்துவிட்டான். ஒரு நாள் கிண்ணியாப் பாலம் தாண்டிப் பஸ்லானின் வீட்டுக்குப் போனான். பஸ்லான் வாசலுக்கு வந்து, இவனுடைய முகத்தைப் பார்த்து, “உள்ளுக்கு வா” என்றான். சசிகரன் படியிலேயே இருந்து விம்மி விம்மி அழுதான். “நான் அண்டைக்கே தங்கச்சிட்ட நேராச் சொல்லியிருக்கணும் மச்சான். உன்ட கோவத்துக்குப் பயந்திட்டன்” என்றான் பஸ்லான். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

ஐந்து கிழமை பிரியதர்சினி அண்ணனோடு பேசவில்லை. அவன் வாங்கி வந்த மருந்தைக் குடித்தாள், அவன் வைத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. ஆறாவது கிழமை, ஞாயிறு காலை, ஸ்ரூடியோவுக்கு முன்னால் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். அம்மாவை ஓட்டோவிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கதவு நிலையைப் பிடித்து, மேசையைப் பிடித்து, தன் கதிரையில் வந்து இருந்தாள். அவன் கைகொடுக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“எல்லாத்தையும் காட்டுங்கோ. தள்ளி வச்சதையும்.”

அவன் திறந்தான். அவள் விசையில் விரலை வைத்தாள். விரல் அடிக்க, படங்கள் நாலைந்து ஒன்றாக ஓடின. திரும்பவும் வைத்தாள், திரும்பவும் ஓடின.

“நீங்களே தட்டுங்கோ. எனக்கு ஒண்டில நிக்குதில்லை.”

அவன் கடைசி நிகழ்ச்சியில் இருந்து பின்னோக்கித் தட்டினான். ஒவ்வொரு நல்ல படத்துக்குப் பக்கத்திலும் அதே நிலையில் கலங்கின ஆறு ஏழு படம் கிடந்தன. அவள் கலங்கினதை அதிகம் பார்க்கவில்லை. நல்ல படம் வரும்போதுதான் நிறுத்தச் சொன்னாள்.

“இதில நான் நிண்டனானோ, நீங்கள் நிப்பாட்டினதோ?”

அவனுக்குக் கேள்வி உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனான். ஓரத்தில் இருந்த இலக்கத்தைப் பார்த்தான். ஆயிரம்.

“நான் நிப்பாட்டினது.”

“இது?”

“அதுவும் நான்தான்.”

“இது?”

“நான்.”

ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் சொன்னான். வெளியே ஓட்டோக்காரன் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். எட்டு மாதத்துப் படங்கள் கழிந்தன, ஒரு வருடத்துப் படங்கள் கழிந்தன. பாடசாலைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற பரிசளிப்புப் படம் வந்தது. “நான்” என்றான். அவள் உதட்டைக் கடித்தாள், ஆனால் “அடுத்தது” என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கல் விழா. அவள் தலைமாட்டில் வைத்திருக்கிற படம். இடது கை நீண்டு, விரல்கள் மலர்ந்து, முகம் லேசாகச் சிரிக்கிறது. அந்த நிலைக்கு அவன் இரண்டே இரண்டு படம்தான் எடுத்திருந்தான். ஒன்றில் அவள் கண் மூடியிருந்தது, மற்றது இது. இரண்டிலும் கை துல்லியம். ஷட்டர் ஐந்நூறு.

“இது?” என்றாள். இந்த முறை அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

நீதான் நின்றாய் என்று சொல்ல அவனுக்கு வாய் வரை வந்தது. ஒரு சொல், அந்த ஒரு சொல்லை அவளுக்குக் கொடுத்தால் என்ன? ஐந்நூறில் சிறிய நடுக்கம் நிற்கவும் கூடும். நடுக்கமே இல்லாமல் அவளே நின்றிருக்கவும் கூடும். படத்தைப் பெருப்பித்தான், விரலைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான். துல்லியமான படம் எதையும் சொல்லவில்லை.

“தெரியாது, தங்கச்சி.”

“உங்களுக்கே தெரியாதோ?”

“சத்தியமாத் தெரியாது.”

அவள் திரையில் இருந்த தன் கையைத் தொடப் போனாள். விரல் கண்ணாடியில் டக்டக்கென்று அடித்தது. அவள் அதை இழுத்து மடியில் வைத்து, மற்றக் கையால் அமத்திக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

“எனக்கும் தெரியாது அண்ணா. உங்கட படத்தைப் பாத்துத்தானே நான் நிண்டனான் எண்டு நம்பினனான்.”